பழைய பகுதியை மாற்றிக் கட்டும்போது நம் ஆட்சேபம் கோப்பில் நிற்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மும்பை தாராவியில் 90 அடி சாலைக்கு உட்புறம் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. மறுசீரமைப்பு பற்றி ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, கல்லியில் (எங்கள் சந்தில்) அச்சடித்த ஒரே கடிதத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். கோயில், இட்லித் தொழில், மாடி அறையில் இருப்பவர்கள் எல்லாம் என்ன ஆகும் என்று தெளிவில்லை. இப்படிக் கருத்துச் சொல்வதால் பயன் உண்டா? எப்படி எழுதுவது?

பதில்:

பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் கடிதங்களின் எண்ணிக்கையால் வராது. திட்ட அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பொருள்வாரியாகப் பிரித்துத்தான் அறிக்கை தயாரிப்பார்கள். ஒரே வாசகத்தில் 2,000 கடிதம் போனாலும் அறிக்கையில் அது ஒரு வரிதான். எதிரே “கொள்கை முடிவு, ஏற்க இயலாது” என்று ஒரு பதில் போட்டு முடித்துவிடலாம். ஒரு மனை எண்ணையும் ஒரு விதியையும் சுட்டிக்காட்டி, அளவோடு ஒரு மாற்றத்தைக் கேட்கும் கடிதத்தை அப்படித் தள்ள முடியாது. அதற்குத் தனியாகக் காரணம் எழுதியாக வேண்டும். அந்தக் காரணம்தான் பின்னால் விசாரணையிலும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்திலும் உங்களுக்குப் பிடி கொடுக்கும். அச்சடித்த கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில் தவறில்லை. அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் அறிவிப்பு எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். அது முதல் பத்தியிலேயே இருக்கும். மகாராஷ்டிரத்தில் 1966-ஆம் ஆண்டு மாநில நகர் ஊரமைப்புச் சட்டம்தான் அடிப்படை. நகரம் முழுவதற்குமான வளர்ச்சித் திட்ட வரைவு என்றால் பிரிவு 26. நடப்பில் உள்ள திட்டத்திலோ கட்டட விதிகளிலோ ஒரு திருத்தம் என்றால் பிரிவு 37. உங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் வேலைப்படுவது 37. இதன்படி அரசிதழில் அறிவிப்பு வந்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபமோ ஆலோசனையோ கொடுக்கலாம். வீட்டு உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை, வாடகைக்காரரும் கொடுக்கலாம். திருத்தத்தால் பாதிக்கப்படுவோருக்குத் தனியாக நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டபிறகே முன்மொழிவை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கடிதத்தின் கடைசியில் “எங்களை நேரில் கேட்க வேண்டும்” என்ற ஒரு வரியை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

நாள் கணக்கில் தவறுபவர்கள் அதிகம். பத்திரிகையில் விளம்பரம் பார்த்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். விளம்பரம் சில சமயம் அரசிதழுக்குப் பல நாள் பின்னால் வரும். அதுவும் நம்மவர்கள் புரட்டாத மராத்தி, ஆங்கில நாளிதழ்களில் வரும். அரசிதழ் தேதியை வைத்துக் கடைசி நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஐந்து நாள் முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அரசே அவசரம் என்று 37(1ஏஏ)-இன் கீழ் அறிவித்து, கூடவே திட்ட அமைப்புக்குக் கட்டளையிட அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு 154-இன் கீழ் உத்தரவு போட்டால், கருத்துக் கேட்பு நடந்துகொண்டிருக்கும்போதே திருத்தம் அமலுக்கு வந்துவிடலாம். அறிவிப்பின் கடைசிப் பத்தியில் 154 என்ற எண் தென்பட்டால் ஒரு மாதம் காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே எழுதுங்கள்.

மண்டபத்தில் நாற்காலி போட்டு நடக்கும் கூட்டம் வேறு. அங்கே படம் காட்டுவார்கள், கேள்விக்கு இடம் தருவார்கள், டீ கொடுப்பார்கள். சட்டப்படி அது கருத்துக் கேட்பு ஆகாது. அங்கே வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது. ஆனால் வாசலில் நீங்கள் போட்ட கையெழுத்து ஏறும். தலைப்பு இல்லாத வெற்றுத் தாளில் பெயர், கைபேசி எண், கையெழுத்து மட்டும் வாங்கினால் போடாதீர்கள். தாளின் மேலே “தகவல் கூட்டத்துக்கு வந்தோர் பட்டியல், சம்மதம் அல்ல” என்று எழுதச் சொல்லி, தேதி போட்டபின் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால் கையெழுத்திடாமலே உள்ளே போய் உட்காருங்கள். கூட்டத்தில் சொன்னதை மறுநாளே கடிதமாக்கி அலுவலகத்தில் கொடுத்தால்தான் அது சொன்னதாகும்.

சம்மதம் என்றதும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மும்பையின் மற்ற குடிசைச் சீரமைப்புத் திட்டங்களில் பொதுவாகத் தகுதியுள்ள குடும்பங்களில் 51 விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும். தாராவித் திட்டத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. அதனால் “கையெழுத்துப் போடாவிட்டால் திட்டம் நின்றுவிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே உங்கள் கையில் இருப்பது திட்டத்தின் உள்ளடக்கத்தை மாற்றக் கேட்கும் உரிமையும், உங்கள் பெயர் சரியாகப் பதிவாக வேண்டும் என்று கேட்கும் உரிமையும்.

இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்துவிடுவது மிகப் பெரிய தவறு. தகுதி என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி விவகாரம். அறிவித்துள்ள விதி இது: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. 2011-க்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும் மாடி அறைக்காரர்களுக்கும் வெளியே வாடகை அடிப்படையில், பின்னால் வாங்கிக்கொள்ளும் வசதியோடு. இதில் உங்கள் குடும்பம் எங்கே நிற்கிறது என்பதை லைட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பழைய போட்டோபாஸ் (குடிசைவாசிகளுக்குக் கொடுத்த அடையாள அட்டை), கடையாக இருந்தால் குமாஸ்தா லைசென்ஸ் (கடைப் பதிவு) இவைதான் முடிவு செய்யும். கணக்கெடுப்பில் கதவில் போட்ட எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். தகுதிப் பட்டியலின் வரைவு வரும்போது பெயர், மாடி, பயன்பாடு மூன்றும் சரியா என்று பார்த்து அதற்குத் தனி ஆட்சேபம் கொடுங்கள். வீடும் தொழிலும் ஒன்றாக இருக்கும் இடத்தை “குடியிருப்பு” என்று மட்டும் பதிந்துவிடுவது அடிக்கடி நடக்கக்கூடியது. அதை அப்போதே திருத்தாவிட்டால் பின்னால் தொழிலுக்கு இடம் கேட்க ஆதாரமே இருக்காது.

இனி திட்டத்தைப் பற்றிய கருத்து. இதற்குத்தான் உழைப்பு வேண்டும். எழுத உட்காருவதற்கு முன் உங்கள் கல்லியை நீங்களே அளந்து பதிவு செய்யுங்கள். அரசு எடுக்கும் கணக்கெடுப்பு சுவர், கூரை, குடும்பத் தலைவர், ஆவணம் இவற்றைப் பதியும். காலை நாலு மணிக்கு அந்தக் கல்லியில் என்ன நடக்கிறது என்பது அதில் வராது. அது வராததால் திட்ட வரைபடத்திலும் வராது.

தேவையானவை ஒரு 15 மீட்டர் டேப், ஏ3 அளவு கட்டத்தாள், ஒரு கைபேசி. தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 60 மீட்டர் நீளக் கல்லி ஒரே தாளில் அடங்கும். அகலத்தை நுழைவில், நடுவில், மிகக் குறுகிய இடத்தில் என்று மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். குழாய், கழிப்பறை, சாக்கடை மூடி, மின் பெட்டி, மரம், கோயில், திண்ணை, சைக்கிள் நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். வீட்டுக்கு ஒரு வரியாகத் தனித் தாளில் கணக்கெடுப்பு எண், தரைத்தளத்தில் யார், மாடியில் யார், என்ன தொழில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர், என்ன கழிவு என்று எழுதுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 20 வீட்டை நிதானமாக முடிக்கலாம். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வீட்டுக்குள் நடக்கும் வேலையைப் பற்றி ஆண்கள் போய்க் கேட்டால் “ஒண்ணும் இல்ல, சும்மா” என்றுதான் பதில் வரும். அந்தச் ‘சும்மா’வில் ஒரு குடும்பத்தின் பாதி வருமானம் இருக்கும்.

இட்லித் தொழிலையே எடுத்துக்கொள்வோம், நீங்களே கேட்டிருப்பதால். மாலையில் அரிசியும் உளுந்தும் ஊறி, கிரைண்டரில் அரைத்து, மாவு புளித்து, விடியலுக்கு முன் அடுக்கடுக்காக அவித்து, சட்னி சாம்பாரோடு பாத்திரங்களில் கட்டி, சைக்கிளிலும் தலைச்சுமையாகவும் நகரமெங்கும் போகிறது. இந்த வரிசையில் ஒவ்வொரு கட்டமும் கட்டடத்திடம் ஒன்றைக் கேட்கிறது. கிரைண்டருக்கு ஈரம் தாங்கும், அதிர்வு தாங்கும் தரை வேண்டும். அரிசி களைந்த நீரும் பாத்திரம் கழுவிய மாவு நீரும் சாதாரணச் சமையலறைக் குழாயில் படிந்து அடைக்கும். கீழே இறங்கும் பொதுக் குழாய் என்றால் கீழ் மாடிக்காரர் வீட்டில் பொங்கும். மூன்றாம் மாதத்தில் சண்டை, ஆறாம் மாதத்தில் சொசைட்டி (கட்டடத்தின் குடியிருப்போர் சங்கம்) தொழிலுக்குத் தடை போடும். 19 கிலோ வணிக சிலிண்டர்களை வைத்து உயர்மாடிக் குடியிருப்பில் அவிப்பது தீயணைப்புத் துறையிடம் நிற்காது. விடியற்காலையில் லிஃப்ட் நின்றால் கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரத்தோடு படிக்கட்டில் இறங்க வேண்டும். தண்ணீர்க் கணக்கும் இடிக்கும்: மும்பையில் குடிசைப் பகுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர், கட்டடக் குடியிருப்புக்கு 135 லிட்டர் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவுகோல். 135 கிடைத்தாலும் ஐந்து பேர் குடும்பத்துக்கு 675 லிட்டர். அதில் தொழிலுக்கு என்று ஒரு சொட்டும் கணக்கில் இல்லை.

இதை “எங்கள் இட்லித் தொழில் அழிந்துவிடும், காப்பாற்றுங்கள்” என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கலாம், மாற்றம் கிடைக்காது. கீழே உள்ளது போல எழுதுங்கள். எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் அளவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

“நகர அளவை எண் … , கணக்கெடுப்பு எண் … முதல் … வரையுள்ள வீடுகளில் 14 குடும்பங்கள் உணவு தயாரிப்பில் உள்ளன (இணைப்பு 1, 2). முன்மொழிவின் பக்கம் … பத்தி … இவற்றைக் குடியிருப்பு என்று மட்டுமே வகைப்படுத்துகிறது. கீழ்க்கண்ட வாசகத்தைச் சேர்க்கக் கோருகிறோம்: ‘உணவு தயாரிப்பில் உள்ள குடும்பங்களுக்கு, அவர்கள் குடியமரும் கட்டடத்தின் தரைத்தளத்திலோ 100 மீட்டர் தொலைவுக்குள்ளோ பொதுச் சமையல் கூடம் அமைக்கப்படும். குடும்பத்துக்குத் தனித் தண்ணீர் இணைப்பு, மாவு நீர் படியும் இடைத்தொட்டியுடன் தனி வடிகால், குழாய் வழி எரிவாயு, புகைபோக்கி, சைக்கிள் நிறுத்துமிடம், இரவு 2 மணி முதல் பயன்படுத்தும் அனுமதி ஆகியவை இருக்கும். பழைய இடத்தைக் காலி செய்யும் முன் கூடம் பயன்பாட்டுக்கு வர வேண்டும்.’ மாற்று இடமாக இணைப்பு 3-இல் குறித்துள்ள மூலை மனையைப் பரிசீலிக்கலாம். இது குறித்து எங்களை நேரில் கேட்க வேண்டுகிறோம்.”

இதில் கடைசிக்கு முந்தைய இரண்டு வாக்கியங்கள் முக்கியம். காலி செய்யும் முன் என்று வரிசை குறிப்பிடாவிட்டால், கூடம் ‘அடுத்த கட்டத்தில்’ என்று தள்ளிப்போகும். ஆறு மாதம் இட்லி போகாவிட்டால் வாடிக்கை போய்விடும். இடத்தையும் நீங்களே காட்டிவிட்டால் “இடம் இல்லை” என்ற பதிலைச் சுலபமாக எழுத முடியாது.

ஒரு கடிதத்துக்கு ஒரு பொருள்தான். உணவுக்கு ஒன்று, அப்பளம் காயவைக்கும் வெயில் இடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, மாடி அறைக்காரருக்கு ஒன்று. அப்பளத்துக்குக் கவிழ்த்த கூடைகளின் எண்ணிக்கை, அவை பிடிக்கும் சதுர அடி, எத்தனை மணி நேரம் நேர் வெயில் என்று எழுதிவிட்டு, மொட்டை மாடியில் அந்த அளவு இடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கக் கேளுங்கள். கட்டடங்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம், எழுதவும் வேண்டும். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு போன்றவற்றில் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்பதால் கீழ் மாடிகளில் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் போனதையும், அதற்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பையும் 2018-இல் வந்த ஆய்வு எடுத்துக் காட்டியது. “காற்றோட்டம் வேண்டும்” என்று கேட்காதீர்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் அளந்து, எத்தனை மீட்டர் வேண்டும், கீழ் மாடி வீட்டில் பகலில் எத்தனை மணி நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்து கோயிலும் பழமையும். தாராவியில் பழமை இல்லை என்று நினைப்பவர்கள் நம்மிலேயே உண்டு. 1737-இல் கட்டிய காலா கில்லா கோட்டை அங்கேதான் கட்டடங்களுக்கு நடுவே மறைந்து கிடக்கிறது. படீ மசூதியின் தொடக்கம் 1887. கணேஷ் மந்திர் 1913-இல் எழுந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்தவர்களின் காலமும் அதுதான். மும்பையில் பாரம்பரியக் கட்டட விதிகள் 1995-இல் வந்தன. இப்போது மும்பையின் கட்டட வளர்ச்சி விதிகளான டிசிபிஆர் 2034-இன் 52-ஆம் விதியாக உள்ளன. முதல், இரண்டு, மூன்று என்று தரம் பிரித்து, மும்பை பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஆலோசனை சொல்லும். ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கோரி மாநகராட்சி ஆணையருக்கும் அந்தக் குழுவுக்கும் யாரும் எழுதலாம். ஆண்டு, கட்டியவர்கள், கல்வெட்டு, பழைய புகைப்படம், நாலு பக்கத் தோற்றம், இன்றும் நடக்கும் வழிபாடு இவற்றோடு மூன்று பக்கம் போதும்.

ஆனால் எல்லாவற்றையும் பட்டியலில் போடச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2012-இல் 948 இடங்களைப் புதிதாகச் சேர்க்க வரைவு வந்தபோது சிவாஜி பார்க், தாதர், மாட்டுங்கா பக்கங்களில் எதிர்ப்புக் கிளம்பியது. வீட்டைப் பழுது பார்க்கவும் திரும்பக் கட்டவும் முடியாமல் போகுமோ என்ற பயம் அது. நியாயமான பயமும் கூட. பட்டியல் சுவரையும் முகப்பையும் காக்கும். பொங்கலன்று வரிசையாகப் பானை வைக்கும் சாலையை அதனால் காக்க முடியாது. அதனால் உண்மையிலேயே பழைய ஓரிரு கட்டடங்களுக்கு மட்டும் பட்டியல் கேளுங்கள். கோயிலைச் சுற்றி நடை எவ்வளவு, தேர் அல்லது சப்பரம் திரும்ப எத்தனை மீட்டர், கரகம் எந்த வழியாக வரும் என்பதைத் திட்ட விதியில் அளவாகக் கேளுங்கள். கோயிலை இடம் மாற்றுவதாக இருந்தால் எங்கே, எந்த முகமாக, இடையில் பூசை எங்கே என்பதும் எழுத்தில் வர வேண்டும். மசூதி, தேவாலயம், மீனவர் குடியிருப்பான கோலிவாடாவின் கோயில் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் காட்டிச் சேர்ந்து கொடுத்தால் கடிதத்தின் எடை வேறு.

நடந்ததற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் இந்த நகரத்திலேயே இருக்கிறது. 2015 பிப்ரவரியில் மும்பையின் 2034 வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வந்தது. வழிபாட்டிடங்கள் மேலும் பழைய கட்டடங்கள் மேலும் சாலைக் கோடு போயிருந்தது. இருப்பவை பல தவறாகக் குறிக்கப்பட்டிருந்தன. மக்கள் அந்தந்த வார்டு வரைபடத் தாளை எடுத்து, இந்தத் தாளில் இந்த இடத்தில் இருப்பது இது என்று படத்தோடு காட்டினார்கள். நகர வடிவமைப்பு ஆய்வு நிறுவனமான யுடிஆர்ஐ போன்றவையும், குடிசைப் பகுதி அமைப்புகள் சேர்ந்த ‘ஹமாரா ஷெஹர் விகாஸ் நியோஜன் அபியான்’ இயக்கமும் வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுத்தன. ஏப்ரலில் அரசே வரைவைத் திருத்தி எழுதச் சொன்னது. திருத்திய வரைவு 2016-இல் வந்து 2018-இல் ஒப்புதல் பெற்றது. பொத்தாம்பொதுவான கோபத்தைவிட, எதிர்த்துப் பேசவே முடியாத பிழைக் குறிப்புகள் அதிக வேலை செய்தன.

மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் அடங்கிய சென்ட்ரல் விஸ்டா திட்டத்தின் நில உபயோக மாற்றத்துக்கு 2019 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 1,292 ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் போயின. 2020 பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டு நாளில் கேட்பு முடிந்து, மார்ச்சில் மாற்றம் அறிவிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 5-இல் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி சஞ்சீவ் கன்னா, பொதுமக்கள் புரிந்துகொண்டு கருத்துச் சொல்லும் அளவுக்குப் போதிய தகவல் வெளியிடப்படவில்லை என்று கூறினார். அது சிறுபான்மைத் தீர்ப்பு, கட்டுப்படுத்தாது. ஆனாலும் எந்தக் குறையை முதல் கடிதத்திலேயே பதிய வேண்டும் என்பதை அது காட்டுகிறது. அளவில்லாத, எழுத்துத் தெரியாத வரைபடத்தை வெளியிட்டிருந்தால் உடனே எழுதுங்கள்: எந்தத் தாள் இல்லை, எந்த அளவு தெரியவில்லை, அது இல்லாமல் எதைச் சொல்ல முடியவில்லை, கிடைத்த நாளிலிருந்து புதிதாக ஒரு மாதம் வேண்டும். பின்னால் நீதிமன்றத்தில் இதை முதன்முறையாகச் சொன்னால் எடுபடாது.

கடிதம் மராத்தியில் போவது நல்லது, ஆங்கிலமும் ஆகும். முதலில் தமிழில் எழுதி, கல்லியில் சத்தமாகப் படித்து, எல்லாரும் சரி சொன்னபின் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். நேராக மராத்தியில் எழுதி வாங்கினால் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. விசாரணையில் அதிகாரி ஒரு கேள்வி கேட்டதும் தடுமாறிவிடுவார்கள். அறிவிப்பில் குறிப்பிட்ட அலுவலகத்துக்கே கொடுங்கள். எம்எல்ஏவுக்கும் சங்கத் தலைவருக்கும் கொடுத்த மனு ஆட்சேபமாகாது. அவர்களுக்கு நகல் போதும். இரண்டு படி எடுத்துப் போய், உங்கள் படியில் முத்திரை, தேதி, இன்வர்ட் நம்பர் (அலுவலகம் கடிதத்தைப் பெற்றுப் பதிந்த எண்) மூன்றும் வாங்குங்கள். நம்பர் இல்லாத முத்திரையை வைத்துக்கொண்டு கோப்பில் தேட முடியாது. கூடவே மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் கேட்கும் நாளில் உங்களுக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். பொருளுக்கு ஒருவர் என்று முன்பே பிரித்து, மராத்தி சரளமாகப் பேசுபவர் ஒருவரையாவது கூட்டிப் போங்கள். வரைபடத்தை மேஜையில் விரித்து விரலை வைத்துக் காட்டிப் பேசுங்கள். திட்டமே வேண்டாம் என்று ஒருவரும், வீட்டைப் பெரிதாகக் கொடு என்று இன்னொருவரும் ஒரே மேஜையில் பேசினால் இரண்டும் வெட்டிக்கொள்ளும். அங்கே பேசியதை அன்றே ஒரு பக்கக் குறிப்பாக எழுதி அதே அலுவலகத்தில் கொடுத்து இன்வர்ட் வாங்குங்கள். நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் பேச்சு இரண்டு சொல்லில் சுருங்கியிருந்தால் இது உதவும்.

உள்ளுக்குள் உடையும் இடம் பெரும்பாலும் மாடி அறைதான். தரைத்தளக்காரருக்குத் தாராவிக்குள் வீடு. மாடியில் பத்து வருடமாக இருக்கும் வாடகைக்காரருக்கு வெளியே. கூட்டுக் கடிதத்தில் வாடகைக்காரரைப் பற்றி எழுத உரிமையாளர்கள் தயங்குவார்கள். வாடகைக்காரர் தன் பெயரைச் சொல்லவே பயப்படுவார். அவர்களுக்குத் தனிக் கடிதமும் தனிக் கூட்டமும் வேண்டும், உரிமையாளர் இல்லாத இடத்தில். அவர்கள் போய்விட்டால் தொழிலுக்கு ஆள் எங்கிருந்து வரும் என்பதையும் தரைத்தளக்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர்ச் சங்கம், சாதிச் சங்கம் என்று தனித்தனியாகக் கொடுப்பதும் நம் பக்கம் நடப்பதுதான். திட்டத்தின் வரைபடத்தில் சங்கம் இல்லை, மனைதான் இருக்கிறது. ஒரு மனையில் இருக்கும் தமிழர், மராத்தியர், குஜராத்திக் குயவர், உத்தரப் பிரதேசத்துக்காரர் எல்லாரும் சேர்ந்த கடிதமாக இருந்தால் “ஒரு பிரிவினரின் கோரிக்கை” என்று ஒதுக்க வழியில்லை.

காலக்கெடு முடிந்த பிறகு சும்மா இருக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு போடுங்கள். மகாராஷ்டிரத்தில் மனு 150 சொற்களுக்குள், ஒரே பொருளில் இருக்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய். கேட்க வேண்டியது: இன்வர்ட் நம்பர் இன்னதான எங்கள் ஆட்சேபத்தின் மீது எழுதிய கோப்புக் குறிப்புகளின் நகல், ஆட்சேபங்களைத் தொகுத்த அறிக்கையில் அது இடம்பெற்ற பக்கம், ஏற்றதற்கோ மறுத்ததற்கோ எழுதிய காரணம். “ஏன் ஏற்கவில்லை?” என்று கேள்வியாகக் கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள், ஆவணத்தின் நகலாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மறுப்புக்குக் காரணமே எழுதாமல் இருந்தாலோ, நேரில் கேட்காமல் முன்மொழிவை அனுப்பியிருந்தாலோ, அரசு இறுதி ஒப்புதல் தரும் முன்பே நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கு அந்த நகல்களோடு எழுதுங்கள். ஒப்புதல் வந்தபின் மீதி இருப்பது உயர் நீதிமன்ற ரிட் மனு மட்டும். அங்கே வழக்கறிஞர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது இன்வர்ட் நம்பர் போட்ட அந்தப் படியைத்தான். அதனால் அசலை ஒருவர் வீட்டிலும், ஸ்கேன் செய்த நகலை மூன்று பேர் கைபேசியிலும் வைத்திருங்கள். மழைக்காலத்தில் தரைத்தளப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.